சின்ன எழுத்து வெட்டும் அண்ணனுக்கு

அன்புள்ள அண்ணா,

உங்கள் கடிதமும் போட்டோக்களும் வந்தன. பலகையில் எழுத்து வெட்டும் ரூட்டர் மெஷின் ஓடும்போது அப்பா நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து பார்த்தார் என்று எழுதியிருந்தீர்களே, அந்த வரியையே திரும்பத் திரும்பப் படித்தேன். நான் நன்றாக இருக்கிறேன். ஓவர்டைம் இப்போது இல்லை, அதனால் ஓய்வு நிறையக் கிடைக்கிறது. குளிர்தான் அதிகம். பட்டறையில் ஹீட்டர் ஓடி ஓடிக் காற்று வறண்டு, மாலையில் மட்டமாக இழைத்து வைத்த பலகை காலையில் லேசாக வளைந்து கிடக்கிறது.

நீங்கள் கேட்டதற்குப் பதிலும் அதுதான். வரியின் தொடக்கத்தில் எழுத்து தடித்தும் கடைசியில் மெலிந்தும் வந்தது ஏன் என்று கேட்டீர்களே, அதற்கு வெட்டும் முனையான பிட் காரணமில்லை, பலகை மட்டமில்லை. வி வடிவக் கூர்முனை உள்ள வி பிட் ஆழம் போகப் போக அகலமாக வெட்டும். முனைக் கோணம் 60 டிகிரி உள்ள பிட்டில் பலகை ஓரிடத்தில் 0.2 மி.மீ. உயர்ந்திருந்தாலே கோடு சுமார் 0.23 மி.மீ. தடித்துவிடும். பெரிய எழுத்தில் அது கண்ணில் படாது, கோடே 1 மி.மீ. என்றால் கால்வாசி கூடிவிடுகிறதே. அதனால் பலகையை மெஷினிலேயே சீவி மட்டமாக்கி, கிளாம்பைக் கழற்றாமல் இசட் ஜீரோவை, அதாவது ஆழத்தை அளக்கத் தொடங்கும் புள்ளியை, மேல்பரப்பில் எடுத்து, அதே கையோடு எழுத்தையும் வெட்டிவிடுங்கள். முனை தட்டையான 3 மி.மீ. எண்ட் மில் பிட்டைச் சின்ன எழுத்துக்கு எடுக்கவே வேண்டாம், அதைவிட மெலிந்த கோட்டுக்குள் அது நுழையாது. 90 டிகிரி வி பிட்டும் வேண்டாம். 1 மி.மீ. கோட்டுக்கு அது அரை மி.மீ.தான் இறங்கும், பள்ளத்தில் நிழல் விழாது, உப்புத்தாள் போட்டால் பாதி எழுத்து போய்விடும். 60 டிகிரி என்றால் 0.87 மி.மீ. இறங்கும், அது போதும்.

மரமும் முக்கியம். ரேகை நெருக்கமான மேப்பிள், செர்ரி மாதிரி மரத்தில் விளிம்பு கத்தியால் கீறியதுபோல வரும். பைனில் ஒரு வளையம் மெத்து, அடுத்தது கெட்டி, சிலும்பு எழும்பிக்கொண்டே இருக்கும். வெட்டுவதற்கு முன்னால் ஷெல்லாக் என்ற அரக்கு வார்னிஷை ஒரு கை பூசிக் காயவிடுங்கள். சிலும்பு குறையும், பெயிண்ட் நிரப்பும்போது நாரில் ஊறிப் பரவாது. நம் எழுத்தில் இன்னொரு தொல்லை, ‘ண’வின் சுழிக்குள் நிற்கும் அந்தச் சின்னத் துண்டு மரம். நார் குட்டையாக இருப்பதால் பட்டென்று பெயர்ந்துவிடும். தடித்த ஃபாண்ட் அழகாகத் தெரியும், ஆனால் சுழியை அடைத்துவிடும். மெலிந்த, ஒரே தடிமனான ஃபாண்டாகப் பாருங்கள், எழுத்துக்கு எழுத்து இடைவெளியையும் கொஞ்சம் கூட்டுங்கள்.

பக்கத்து வீட்டுத் தாத்தா ஒருவர் இருக்கிறார். செடிகளுக்குப் பெயர்ப்பலகை வேண்டும் என்று என்னிடம் கேட்டார், வெட்டிக் கொடுத்தால் உடனே வாங்க மாட்டார். வாசலில் தள்ளி நின்று உரக்க வாசிப்பார், ஒரு எழுத்து தடுக்கினாலும் பலகையைத் திருப்பித் தந்துவிடுவார். கோபமே வராது எனக்கு, அவர் வாசிப்பதை வைத்துத்தான் இடைவெளி சரிபார்க்கக் கற்றேன். போன வாரம் அம்மா பெயரைத் தமிழில் வெட்டினேன், சுழியெல்லாம் உடையாமல் வந்தது. அதை வாசித்துக் காட்ட இங்கே யாருமில்லை அண்ணா. கையில் வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தேன்.

சரி, வீட்டு விஷயத்துக்கு வருகிறேன். வாசல் பலகையில் அப்பா பெயர் மட்டும் போதும் என்று சித்தப்பா சொன்னாராமே, அம்மா பெயரும் வேண்டும், இரண்டும் ஒரே அளவில். அவரிடம் நான் பேசுகிறேன், நீங்கள் சண்டை போட வேண்டாம். அப்பாவின் கண் ஆபரேஷனைத் தள்ளிப்போடாதீர்கள். என் பணம் இந்தத் தடவை கொஞ்சம் தாமதமாக வரும், வேறொன்றுமில்லை. செல்வியின் ஃபீஸ் கட்டக் கடைசி நாள் எப்போது என்று உடனே எழுதுங்கள், அதை முதலில் பார்க்கிறேன். அண்ணியையும் குழந்தைகளையும் கேட்டதாகச் சொல்லுங்கள்.

அன்புத் தம்பி,
குமார்