அப்பா கல்லறையும் மைசூர் ரோடு கல்லறையும்

ஜோ கண்ணா,

கல்லறைத் திருநாள் வருதுல்ல, அப்பா கல்லறைக்கு வெள்ளையடிக்க ஆள் பாக்கப் போனேன், அங்க ஆஃபீஸ்ல மறுபடி அதே பேச்சு, புது இடமே இல்லம்மா, இனிமே உங்க வீட்ல யாருக்குன்னாலும் அதே குழியத்தான் தொறக்கணும்னு. அது எனக்குத்தானேடா, வேற யாருக்கு! எனக்கொண்ணும் வருத்தமில்ல.

இதச் சொன்னதும் உங்க அத்தை, நம்ம பெங்களூர்லயே மைசூர் ரோட்ல யூதங்க கல்லறை இருக்கு அண்ணி, வாங்க பாக்கலாம்னு கூட்டிட்டுப் போனா. அந்த ரோட்ல எத்தன வருஷமா பஸ்ல போறேன், இப்படி ஒண்ணு இருக்கறதே தெரியாது. 1904ல நாலாம் கிருஷ்ணராஜ உடையார் குடுத்த நிலமாம், அப்ப மகாராஜாவுக்கே இருபது வயசுதான். கமர்ஷியல் ஸ்ட்ரீட்ல ரூபின் ஹவுஸ்னு ஷூ கடை வச்சிருந்தாரே ரூபின் மோசஸ், அவர் முயற்சியில கெடைச்சது. இவங்களுக்கு இந்த ஊர்ல கோயிலே கெடையாது, அவர் வீட்லதான் கூடி ஜெபம் பண்ணுவாங்களாம். மொதல்ல பொதைச்சது நாகாவ்கர்னு ஒரு சுபேதார. பேரப் பாத்தா மராட்டிக்காரர் மாதிரி இருக்கேன்னு கேட்டேன், கொங்கண் பக்கத்து யூதங்க அப்படித்தான் ஊர்ப்பேரோட பேர் வச்சுப்பாங்களாம். ஹிட்லருக்குப் பயந்து ஜெர்மனிய விட்டு ஓடி வந்தவங்களும் இங்கதான் கெடக்காங்க, எங்க பொறந்து எங்க வந்து படுத்திருக்காங்க பாரு.

கல்லுல எபிரேய எழுத்து, வலது பக்கத்துலேர்ந்து படிக்கணும். வருஷக் கணக்கும் வேற, நம்ம 1904 அவங்களுக்கு 5664. மேல ஆறுமுனை நட்சத்திரம், அத்தை பாத்துட்டு முருகன் கோயில்ல போடுற கோலம் மாதிரியே இருக்குங்கறா, சிரிச்சுட்டேன். நான் சாமந்தி வாங்கிட்டுப் போயிருந்தேன், வாட்ச்மேன் பூ வேணாம்மா, ஒரு சின்ன கல்லு வைங்க, அதான் அவங்க வழக்கம்னாரு. வெச்சேன்.

அவங்க ஒரு தடவ பொதைச்ச குழிய இன்னொருத்தருக்காகத் தோண்ட மாட்டாங்களாம். ஆனா பாக்க வர ஜனம்தான் கொறஞ்சு போச்சு, 1948க்கு அப்புறம் இந்தியாலேர்ந்து முக்காவாசிப் பேர் இஸ்ரேல் போயிட்டாங்க. நம்ம பக்கம் நேர் தலைகீழ், ஜனம் இருக்கு இடம் இல்ல. ஆனா என் கல்லறைக்கு வரவேண்டிய ஜனம் கனடாலதானே இருக்கு, இதையும் சொல்லிடறேன், கோச்சுக்காத.

சரி, விஷயத்துக்கு வரேன். குழி தொறக்க சம்மதம்னு உன் கையெழுத்து வேணுமாம், ஃபார்ம வாட்ஸ்அப்ல அனுப்பறேன், பிரிண்ட் எடுத்து போட்டு அனுப்பு. அப்பா கல்லுல பேரும் மங்கிப் போச்சு, புதுசா வெட்டறப்ப கீழ என் பேருக்கும் இடம் விடச் சொல்லப் போறேன். கிரானைட்டா மார்பிளா, நீயே சொல்லு.

அம்மா