சிரிக்காமல் அடிக்கிற பேட்மேன்

பெஸ்தாரி ஜெயா,
ஞாயிற்றுக்கிழமை.

அன்பு மச்சானுக்கு,

உன் கடிதம் வந்து சேர்ந்தது. முட்டிவலி தேவலை என்று எழுதியிருந்தாய், சந்தோஷம். எண்ணெய் தேய்க்கிறதைத் தேய், ஆனால் மாத்திரையை உன் இஷ்டத்துக்கு நிறுத்தாதே. தங்கச்சியிடம் போனிலேயே சொல்லிவிட்டேன், அவள் பார்த்துக்கொள்வாள்.

இங்கே எல்லாரும் சௌக்கியம். ஊர்ப் பெயரை 2007இல் மாற்றினார்களே தவிர, நம் ஆட்கள் வாயில் இன்னமும் பத்தாங் பெர்ஜுந்தைதான். நாம் பிறந்த லயம், அந்தத் தோட்டத் தொழிலாளர் வீட்டு வரிசை, இருந்த இடம் முழுக்க இப்போது செம்பனை, எண்ணெய் எடுக்கிற பனை. மலாயாவிலேயே முதன்முதலாக வியாபாரத்துக்கென்று 1917இல் செம்பனை நட்ட தென்னமரம் தோட்டம் நம் பக்கத்துக் கதைதான். அந்தப் பெருமையைச் சொல்ல இன்று அங்கே நம் ஆள் எத்தனை பேர்? குலை வெட்டுவது இந்தோனேசியர்களும் வங்காளதேசிகளும். நம் பிள்ளைகள் ஷா ஆலாம், கிள்ளான் என்று போய்விட்டார்கள். சனி ஞாயிறு வந்தால் பேரப்பிள்ளைகளைக் கொண்டுவந்து விட்டுப் போகிறார்கள். அப்புறம் வீடு வீடாகவா இருக்கும்?

சரி, நீ வம்புக்கு இழுத்த விஷயத்துக்கு வருகிறேன். "அறுபதுகளில் வந்த அந்தக் கோமாளி பேட்மேனையா பேரனுக்குப் போட்டுக் காட்டுகிறாய்? சாம்பல் நிறப் பனியனில், லேசாகத் தொந்தி தெரிய ஓடுகிறவன் எல்லாம் ஒரு வீரனா?" என்று கேட்டிருக்கிறாய். வௌவால் பெயர் வைத்த குளுவாங்கில் குடியிருந்துகொண்டு வௌவால் மனிதனைக் கேலி செய்கிறாய். இது உனக்கே அடுக்குமா?

மகள் பிறந்தநாளுக்கு வாங்கிக்கொடுத்த டிஸ்க் பெட்டி அது. 1966 ஜனவரியிலிருந்து 1968 மார்ச் வரை அமெரிக்காவில் ஏபிசி சேனலில் ஓடிய தொடர், மொத்தம் 120 பகுதிகள். இரண்டு பெரிய கம்பெனிகளுக்கு இடையே உரிமைத் தகராறு இழுத்துக்கொண்டே போனதால் 2014இல்தான் முழுத் தொடரும் டிஸ்க்காக வந்தது. ஆடம் வெஸ்ட் பேட்மேன், பர்ட் வார்ட் அவருடைய இளம் கூட்டாளி ராபின். முழுக்கப் பார்த்துவிட்டுத்தான் எழுதுகிறேன், அதனால் என் பேச்சைக் கொஞ்சம் கேள்.

அது கோமாளித்தனம் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் அந்தக் கோமாளித்தனத்தில் ஒருவர்கூடச் சிரிப்பதில்லை, கவனித்தாயா? முதல் கதையை எடுத்துக்கொள். ரிட்லர் என்கிற விடுகதைக்காரன், பேட்மேன் தன்னைத் தப்பாகக் கைது செய்யும்படி வைத்து, பத்து லட்சம் டாலர் கேட்டு வழக்குப் போடுகிறான். கோர்ட்டில் ஏறினால் முகமூடியைக் கழற்றவேண்டும், அதுதான் அவன் திட்டம். துப்பு தேடி இருவரும் ஒரு நடன விடுதிக்குப் போகிறார்கள். ராபினுக்கு வயது பத்தாது, ஆகவே அவன் வெளியே காரிலேயே உட்கார்ந்திருக்கவேண்டும். பேட்மேன் மட்டும் முழு வேஷத்தோடு உள்ளே போய், ஆரஞ்சு ஜூஸ் கேட்கிறார். அதில் மருந்து கலந்துவிடுகிறார்கள். மயக்கத்தில் இரண்டு விரலைக் கண்ணுக்குக் குறுக்கே இழுத்து இழுத்து ஒரு ஆட்டம் போடுகிறார் பார், வயிறு வலிக்கும். அப்புறம் தள்ளாடி வெளியே வந்தால், ராபினை வில்லன் கடத்திப் போய்விட்டான். துரத்தப் போகலாம் என்றால், இந்த நிலையில் கார் ஓட்டக்கூடாது என்று போலீஸ்காரர் சாவியை வாங்கிக்கொள்கிறார். உலகத்தைக் காப்பாற்றுகிறவரும் சட்டத்துக்குக் கட்டுப்பட்டு நிற்கிறார்! இதையெல்லாம் ஆடம் வெஸ்ட் கோயில் தலைவர் கணக்கு வாசிக்கிற மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு செய்கிறார். ஒரு இடத்தில் கண்ணடித்திருந்தால் போதும், மொத்தமும் கவிழ்ந்திருக்கும்.

நீ எம்ஜிஆர் ரசிகன், உனக்குப் புரியும். திரையில் சிகரெட் தொடமாட்டார், மதுவை நாடமாட்டார், தாயைக் கும்பிடுவார், தம்பிமாருக்குப் புத்தி சொல்வார். இந்தப் பேட்மேனும் அதே சாதிதான். காரை நிறுத்தினால் பார்க்கிங் காசு போடாமல் நகரமாட்டார். "உங்கள் காருக்கு எந்தப் போலீஸ் சம்மன் எழுதும்?" என்று ராபின் கேட்டால், அந்தக் காசில்தான் நல்ல சாலை போடுகிறார்கள் என்று பாடம் எடுப்பார். வித்தியாசம் ஒன்றுதான். எம்ஜிஆர் படம் எழுதினவர்கள் அதை நம்பி எழுதினார்கள். இதை எழுதின லொரென்சோ செம்பிளும் தயாரித்த வில்லியம் டோசியரும் உள்ளுக்குள் சிரித்துக்கொண்டே எழுதினார்கள், நடித்தவரை மட்டும் சிரிக்க விடவில்லை. ஒவ்வொரு கதையிலும் பரபரப்பாகப் பேசுகிற பின்னணிக் குரலும் டோசியருடையதே.

இதன் பலன் என்ன என்று எனக்குப் பேரன்தான் காட்டினான். ராட்சத இயந்திரத்தில் இருவரையும் கட்டிப்போட்டுவிட்டு வில்லன் போகிறான். நான் சிரித்தேன். அவன் என் கையைப் பிடித்துக்கொண்டு, "தாத்தா, சிரிக்காதீங்க, அவங்க சாகப் போறாங்க" என்றான். கண்ணில் தண்ணீர். ஒரே சோபாவில் உட்கார்ந்து அவன் பார்த்தது வீரக்கதை, நான் பார்த்தது நையாண்டி. இரண்டுமே அந்தக் காட்சிக்குள் இருந்தது. நீ உயர்த்திப் பிடிக்கிற பிற்கால இருட்டுப் பேட்மேன் படங்களை அவனோடு சேர்ந்து பார்க்க முடியுமா? அவன் பயப்படுவான், எனக்குக் கொட்டாவி வரும்.

வில்லன்களைப் பற்றி எழுதினால் நிறுத்தமாட்டேன். ரிட்லராக வரும் ஃபிராங்க் கார்ஷின், அடுத்தவர் குரலில் பேசிப் பிழைத்த மேடைக் கலைஞர். சிரிப்பு ஒரு நொடியில் கோபமாக மாறும், அப்படியே மறுபடி சிரிப்பாகும். பெங்குவினாக வரும் பர்ஜெஸ் மெரிடித் சிகரெட்டை விட்டுப் பல வருஷம் ஆனவராம். வேஷத்துக்காகப் புகைத்ததில் தொண்டை கமற, அந்தக் கமறலை மறைக்கத்தான் வாத்து மாதிரிக் கத்த ஆரம்பித்தார், அதுவே பாத்திரத்தின் அடையாளமாகிவிட்டது. ஜோக்கர் சீசர் ரொமேரோ தன் மீசையை எடுக்கவே மாட்டேன் என்று சொல்லிவிட்டார். மீசைமேலேயே வெள்ளைச் சாயத்தை அப்பிவிட்டார்கள்! முகத்தை நெருக்கத்தில் காட்டும்போது மேல் உதட்டைப் பார், பெயின்ட்டுக்கு அடியில் மீசை முடி வரிவரியாகத் தெரியும். இன்றைக்கு எந்த நடிகர் இப்படி அடம் பிடிக்க முடியும்? பிறகு விக்டர் பூனோவின் கிங் டட். யேல் பல்கலைக்கழகப் பேராசிரியர், மண்டையில் அடி பட்டால் எகிப்து மன்னன் என்று நினைத்துக்கொள்வார், இன்னொரு அடி பட்டால் தெளிந்துவிடுவார். காமிக்ஸில் இல்லாமல் தொடருக்கென்றே உண்டாக்கின ஆள், எனக்கு எல்லாரையும்விட இவரைத்தான் பிடிக்கும்.

முதல் சீசன் முடிந்த கையோடு 1966இல் ஒரு சினிமாவும் எடுத்தார்கள். அதில் ஒரு காட்சி. திரி எரிகிற பெரிய கறுப்பு வெடிகுண்டைத் தலைக்குமேல் தூக்கிக்கொண்டு பேட்மேன் துறைமுக மேடையில் ஓடுகிறார், எங்காவது எறியவேண்டும். இந்தப் பக்கம் திரும்பினால் கன்னியாஸ்திரிகள். அந்தப் பக்கம் குழந்தை வண்டி தள்ளும் அம்மா. வாத்தியக்கோஷ்டி ஒன்று குறுக்கே வருகிறது. தண்ணீரில் எறியப் போனால் படகில் காதலர்கள், இன்னொரு மூலையில் வாத்துக் குஞ்சுகள். வாத்துக் குஞ்சுக்கும் இரங்குகிற வீரன்! இந்த ஒரு காட்சிக்காகவே அவருக்கு மற்றதெல்லாம் மன்னிப்பு.

மற்றது என்றால் குறைதான். அதுவும் நிறைய இருக்கிறது.

முதலாவது, எல்லாக் கதையும் ஒரே அச்சு. களவு நடக்கும், கமிஷனர் சிவப்புப் போனை எடுப்பார், இருவரும் கம்பத்தில் சறுக்கிக் குகைக்கு இறங்குவார்கள், சண்டை, பிடிபடுதல், கொலைப்பொறி. மறுநாள் தப்பித்தல், இன்னொரு சண்டை, கைது. புதன் ஒரு பகுதி, வியாழன் ஒரு பகுதி என்று அன்று ஒளிபரப்பினார்கள். "இதே நேரம், இதே சேனல்" என்று புதன் ராத்திரி தொங்கலில் விட்டால், வியாழன் முழுக்கப் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் அதையேதான் பேசியிருப்பார்கள். அந்த ஒரு ராத்திரிதான் கதைக்கு உயிர். நாம் டிஸ்க்கில் அடுத்தடுத்துப் பார்க்கும்போது அது போய்விடுகிறது. கொலைப்பொறியில் மாட்டின அடுத்த நிமிஷம் இடுப்புப் பட்டையிலிருந்து ஏதோ ஒன்றை எடுத்துத் தப்பிவிடுகிறார்கள், நமக்குச் சப்பென்று ஆகிவிடுகிறது.

கதை நடக்கிற கோத்தம் நகரத்துப் போலீசைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். புதிர் வந்தாலும் சரி, பூனை காணாமல் போனாலும் சரி, போனை எடுப்பதைத் தவிர வேறு வேலையே தெரியாதவர்கள். முதல் சில கதைகளுக்கு இது நல்ல கேலி. அப்புறம் அதுவே பழக்கமாகிப் போய், கதை எழுதுகிறவர்களின் சோம்பலாகத்தான் எனக்குத் தெரிகிறது.

பெண்களை நடத்திய விதம் இன்னொன்று. மூன்றாம் சீசனில் பேட்மேனுக்குத் துணையாகச் சண்டை போடும் பேட்கேர்ளாக இவான் கிரெய்க் வருகிறார். நாட்டியம் படித்தவர், சுழன்று காலால் உதைப்பது பார்க்க அழகு. ஆனால் கையால் குத்தமாட்டார், பெண்ணுக்கு அது லட்சணமில்லையாம்! பூனை வேஷத்தில் வரும் வில்லி கேட்வுமன் கதையும் கொஞ்சம் வருத்தமானது. ஜூலி நியூமார் இருந்தவரை பேட்மேனுக்கும் அவளுக்கும் இடையே ஒரு ஊமைக் காதல் ஓடியது. மூன்றாம் சீசனில் அந்த வேஷத்துக்குக் கறுப்பினப் பாடகி எர்த்தா கிட் வந்தார், உறுமுகிற குரலுக்கு அவரை மிஞ்ச ஆளில்லை. ஆனால் அந்தக் காதல் காணாமல் போனது. 1967 அமெரிக்கா, வேறென்ன சொல்ல.

எல்லாவற்றையும்விட அந்தத் தொடரைக் கெடுத்தது, சிக்கனமும் தன்னைத்தானே ரசித்துக்கொண்டதும். முதல் சீசனில் சண்டைக்கு நடுவே 'பவ்', 'ஜாப்' என்ற எழுத்துகள் அடிக்கிற படத்தின்மேலேயே வெடிக்கும், நம் ஊர் டிஷ்யூம் மாதிரி. பிறகு செலவைக் குறைக்க எழுத்தை மட்டும் தனி அட்டையாக இடையில் வெட்டிப் போட்டார்கள். குத்து விழுகிற நேரத்தில் படமே மறைந்துவிடுகிறது. மூன்றாம் சீசனில் வாரத்துக்கு ஒன்றாகக் குறைத்து, வில்லன் இருப்பிடத்தைக் கறுப்புத் திரைக்கு முன்னால் நாலு சாமானை வைத்து ஒப்பேற்றினார்கள். பேட்மேனும் ஜோக்கரும் கடலில் அலைச்சறுக்குப் போட்டி போடும் கதை ஒன்று உண்டு. வேஷத்துக்கு மேலேயே அரைக்கால் சட்டை போட்டுக்கொண்டு! முதல் சீசன் பேட்மேன் இதைச் செய்திருந்தால் ஏதாவது ஒரு காரணத்தை முகத்தைச் சுளிக்காமல் சொல்லியிருப்பார். இங்கே "பார், எவ்வளவு வேடிக்கை" என்று அவர்களே கைதட்டிக்கொள்கிற மாதிரி இருந்தது. பேரன் பாதியில் எழுந்து சைக்கிள் ஓட்டப் போய்விட்டான். அவனைவிட நல்ல விமரிசகன் எனக்குக் கிடைக்கமாட்டான்.

ஆனாலும் காமிக்ஸ் உலகம் இந்தத் தொடருக்குக் கடன்பட்டிருக்கிறது, அதை நீ ஒத்துக்கொண்டே ஆகவேண்டும். வேலைக்காரர் ஆல்ஃபிரடைக் காமிக்ஸில் 1964இல் சாகடித்துவிட்டார்கள். தொடரில் அவர் இருந்ததால் மறுபடி உயிர்ப்பிக்க வேண்டியதாயிற்று. எப்போதாவது தலைகாட்டிக்கொண்டிருந்த ரிட்லர் பெரிய வில்லனானது கார்ஷினால்தான். நீ பெரிதாகப் பேசுகிற படங்களில் அந்த ஆட்கள் வருகிறார்கள் என்றால், சோறு போட்டது இந்தக் கோமாளிக் கூட்டம்.

முடிவுதான் அநியாயம். ஏபிசி கைவிட்டதும் என்பிசி என்ற இன்னொரு சேனல் எடுத்து நடத்த முன்வந்ததாம்; அதற்குள் குகை செட்டைப் பிரித்துப் போட்டுவிட்டார்கள். ஆடம் வெஸ்டுக்கு அப்புறம் வெகுகாலம் நல்ல வேஷமே கிடைக்கவில்லை, பார்க்கிறவர்களுக்கெல்லாம் அவர் பேட்மேன்தான். விழாக்களுக்கு அந்த உடையைப் போட்டுக்கொண்டு போய்ப் பிழைத்தார். 2017இல் அவர் இறந்தபோது லாஸ் ஏஞ்சல்ஸ் நகர மண்டபத்தின்மேல் வௌவால் அடையாளத்தை விளக்கில் காட்டினார்கள். வேலை கொடுத்திருக்கலாம் முன்னாடியே.

உன் மகன் சின்ன வயதில் 'சூரியா பெர்காசா ஹித்தாம்' என்ற ஜப்பான் வீரன் தொடரைப் பார்த்துவிட்டு உன் வீட்டு மேசையிலிருந்து குதித்துக் கையை உடைத்துக்கொண்டானே, அப்போது நீ அந்த ஜப்பான்காரனைத் திட்டவில்லை. தம்போய் மனநல மருத்துவமனையிலிருந்து வேஷம் போட்டுக்கொண்டு கிளம்புகிற நம் ஊர்க் 'குளுவாங் மேன்' கார்ட்டூனுக்கு விழுந்து விழுந்து சிரித்தவனும் நீதான். இந்தக் கிழவனிடம் மட்டும் என்ன கோபம்?

மருமகன் அடுத்த மாதம் ஜொகூர் பக்கம் வருகிறார், டிஸ்க் பெட்டியைக் கொடுத்தனுப்புகிறேன். முதல் சீசனைப் புதன், வியாழன் என்று இரண்டு ராத்திரியாகப் பிரித்துப் பார், சேர்த்துப் பார்க்காதே. மூன்றாம் சீசனைத் தொடாமல் திருப்பிக் கொடுத்தாலும் எனக்குக் கோபமில்லை. பெட்டிமேல் ஒட்டியிருக்கிற விலைச் சீட்டைத் தங்கச்சி பார்க்காமல் கிழித்துவிடு, அப்புறம் அவள் என் வீட்டுக்காரிக்குப் போன் போட்டுவிடுவாள்.

அன்புடன்,
உன் மச்சான்.