'நானும் நானும்': வெட்டாமல் மேடையேற்றுங்கள்

ஜெர்மன் யூதக் கவிஞர் எல்ஸ லாஸ்கர்-ஷ்யூலரின் 'நானும் நானும்' நாடகத்தைக் கையிலெடுக்கும் குழுக்களுக்கு,

வணக்கம். முதல் வாசிப்பிலேயே உங்களுக்கு ஒரு யோசனை வரும்: முன்காட்சியையும் பின்காட்சியையும் நீக்கிவிட்டு ஆறு அங்கங்களை மட்டும் நடத்தலாமே என்று. தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். கவிஞர் தன்னையே இரண்டாகப் பிளந்துகொண்டதைச் சொல்வது முன்காட்சியில்தான். அந்தப் பாதிகள்தான், ஜெர்மன் கவிஞர் கோத்தேயின் நாடகத்தில் சாத்தானோடு ஒப்பந்தம் செய்யும் அறிஞர் ஃபாவுஸ்டும் அந்தச் சாத்தான் மெஃபிஸ்டோவும். அதை எடுத்துவிட்டால் மிஞ்சுவது வெறும் ஹிட்லர் எதிர்ப்புக் கேலிக்கூத்து.

பெட்ரோலியம் கேட்டு நரகத்துக்கு வரும் நாஜித் தலைவர்களைக் கோமாளிகளாக மட்டும் காட்டினால் காட்சி சரிந்துவிடும். அவர்களுடைய படை எரிமலைக் குழம்பில் அமிழ்வதைக் கவிஞர் எழுதியது 1940–41இல், ஜெர்மன் படைகள் வென்றுகொண்டிருந்தபோது. பேரம் பேசும் காட்சியில் பயமும் இருக்க வேண்டும்.

எழுதியவரின் நிலையையும் நடிகர்கள் அறிந்திருக்க வேண்டும். 1932இல் ஜெர்மனியின் இலக்கிய விருதான கிளைஸ்ட் பரிசைப் பெற்றவர், 1933 ஏப்ரலில் பெர்லினை விட்டு சூரிச்சுக்குத் தப்பினார். அங்கே எழுதிச் சம்பாதிக்க அனுமதியில்லை. 1938இல் ஜெர்மன் குடியுரிமை பறிபோனது. 1939இல் மூன்றாம் முறையாகப் பாலஸ்தீனம் போனவரை சுவிட்சர்லாந்து மீண்டும் உள்ளே விடவில்லை. ஜெர்மன் மொழியே பகைவரின் மொழியாகிவிட்ட ஜெருசலேமில் அவர் ஜெர்மனிலேயே எழுதினார். 1943இல் அங்கே வெளியான 'என் நீலப் பியானோ' கவிதைத் தொகுப்பு 330 பிரதிகள்தான். 1945 ஜனவரி 22இல் இறந்தார்.

மூலப் பிரதி விஷயத்தில் கவனம் தேவை. முதுமையின் தளர்ச்சியில் எழுதியது என்று கருதி, அவருடைய படைப்புகளின் 1961 தொகுதியில் நாடகத்தின் சில பகுதிகளை மட்டுமே சேர்த்தார்கள். மேடை ஏறியது 1979இல், ட்யூசல்டார்ஃபில். யூதிஷர் ஃபெர்லாக் பதிப்பகம் வெளியிட்ட செம்பதிப்பையே பயன்படுத்துங்கள். கோத்தேயின் வரிகளும் தெருப்பேச்சும் இடறும் எதுகைகளும் அடுத்தடுத்து வருவதைத் தளர்ச்சி என்று எண்ணித் திருத்தத் தோன்றும். அந்த உடைசல்தான் நாடகத்தின் முறை என்பது எங்கள் உறுதியான கருத்து. நடிகர்கள் எதுகையை விழுங்காமல், அது இடறும் இடத்தில் இடறியே பேசட்டும்.

நாடகத்தில் வரும் இயக்குநர் மாக்ஸ் ரைன்ஹார்ட்டும் ஹாலிவுட் நகைச்சுவை நடிகர்களான ரிட்ஸ் சகோதரர்களும் யாரென்று இன்றைய பார்வையாளர் பலருக்குத் தெரியாது. விளக்க வசனம் சேர்க்க வேண்டாம். ரைன்ஹார்ட் ஒத்திகை நடத்தும் இயக்குநர் என்பது செயலில் தெரிந்தால் போதும்.

சிக்கல் வழக்கமாக முளைப்பது கடைசியில். படை அமிழ்ந்ததும் விளக்கை அணைத்தால் கூட்டம் கைதட்டி எழுந்துவிடும். கண் மருத்துவர் ஒருவரின் ஜெருசலேம் தோட்டத்தில், சோளக்கொல்லைப் பொம்மையோடு பேசியபடி கவிஞர் இறக்கும் பின்காட்சியை எழுந்து நிற்கும் கூட்டத்தின் முன் நடத்த முடியாது. எனவே திரை, இருட்டு, இடைவேளை எதுவும் அங்கே வேண்டாம். குழம்பின் சிவப்பு வெளிச்சம் இருக்கும்போதே தோட்டத்தை உள்ளே கொண்டுவாருங்கள்.