பில்லூர் தண்ணீர் குடிப்பவர்களுக்கு எங்கள் ஓடைக் குழுவின் நன்கொடை வேண்டுகோள்

வணக்கம். நாங்கள் நீலகிரியில் எமரால்டு பக்கம் மலைக்காய்கறி பயிரிடும் ஒரு சிற்றூர்க்காரர்கள். எங்கள் ஓடை எமரால்டு அணைக்குப் போகிறது. அந்தத் தண்ணீர் குந்தா, கெத்தை என்று அணை அணையாக இறங்கி பில்லூர் சேர்ந்து, கோவையில் உங்கள் வீட்டுக் குழாய்க்கும் வருகிறது.

போன ஆடியில் நல்ல மழை பெய்த அன்று, ஓடையில் ஒரு வாளித் தண்ணீர் மொண்டு திண்ணையில் வைத்தோம். பால் விட்ட டீயின் நிறம். காலையில் பார்த்தால் அடியில் இரண்டு விரல் கனத்துக்குச் செம்மண். அத்தனையும் எங்கள் தோட்டங்களின் மேல்மண். போட்ட உரம், கோழி எரு, கிழங்குக்கு இட்ட குருணை மருந்து எல்லாம் அதோடுதான் போகின்றன. உரத்தில் உள்ள மணிச்சத்து (பாஸ்பரஸ்) மண்ணை ஒட்டிக்கொண்டு போகும். உரத்தின் தழைச்சத்திலிருந்து வரும் நைட்ரேட் கரைந்து போகும், கண்ணுக்கே தெரியாது. குடிநீரில் அது லிட்டருக்கு 45 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்பது நம் நாட்டுத் தர அளவு.

தாத்தா காலத்தில் மேட்டில் புல்வெளி, மலை மடிப்பில் சோலை, பள்ளத்தில் சதுப்பு. பெய்த மழை அங்கங்கே தங்கி, தெளிந்து, மெல்ல இறங்கியது. அப்புறம் புல்வெளி தேயிலையாகவும் கற்பூர மரமாகவும் (யூகலிப்டஸ்) மாறியது. சதுப்பில் வாய்க்கால் வெட்டி நீரை வடித்து கேரட் போட்டோம். கரை விளிம்புவரை கொத்திவிட்டோம். இதில் யாரைக் குற்றம் சொல்வது? அந்தக் கேரட்தான் எங்கள் பிள்ளைகளைப் படிக்க வைத்தது. ஆலைக் கழிவு என்றால் ஒரு குழாய் இருக்கும், அடைத்துவிடலாம். இங்கே மழை விழுகிற ஒவ்வொரு பாத்தியிலிருந்தும் கொஞ்சம் கொஞ்சமாக வருகிறது. எல்லாம் கடந்தாக வேண்டிய இடம் ஓடைக்கரை. அங்கேதான் வேலையைத் தொடங்குகிறோம்.

1,200 மீட்டர் நீளத்துக்கு இரண்டு கரையிலும் 10 அடி விட்டுக்கொடுக்கத் தோட்டக்காரர்கள் எல்லோரும் சம்மதித்துவிட்டார்கள். 20 சென்ட் வைத்திருப்பவருக்கு அது பெரிய இழப்பு. அந்த இடத்தில் குவாட்டமாலா புல்லும், ஓடையை ஒட்டிக் கோரையும் சோலை மர நாற்றும் நடுவோம். புல் மாட்டுக்கும் ஆகும். தோட்ட மூலைகளில் 40 வண்டல் குழிகள் வெட்டுகிறோம். மழை விட்டதும் குழியில் நின்ற மண்ணை அள்ளி அதே தோட்டத்தில் போட்டுக்கொள்ளலாம். புல் மண்ணைப் பிடிக்கும். ஆழத்தில் இறங்கும் நைட்ரேட்டை முழுதும் பிடிக்காது. அதனால் மண் பரிசோதனை செய்து உரத்தைக் குறைக்கவும் பேசியிருக்கிறோம்.

இரண்டு கரையும் சேர்த்து 2,400 மீட்டர் கரை வேலைக்கு மீட்டருக்கு 150 ரூபாய் வீதம் 3,60,000, குழிகளுக்கு 80,000, மண், நீர்ப் பரிசோதனைக்கு 20,000. ஆக மொத்தம் 4,60,000 ரூபாய். ஊரில் வீட்டுக்கு வீடு திரட்டியது 1,10,000. மீதி 3,50,000 ரூபாய்க்குத்தான் உங்களிடம் வருகிறோம். 150 ரூபாய் கொடுத்தாலும் ஒரு மீட்டர் கரை உங்கள் பெயரில் பசுமையாகும்.

ஜூனில் மழை பிடிப்பதற்குள் நாற்று வேர்விட வேண்டும். எனவே சித்திரை முடிவதற்குள் அனுப்பினால் பெரிய உதவி. ஒவ்வொரு தொகைக்கும் ரசீது உண்டு. வரவு செலவுக் கணக்கை மாதாமாதம் ஊர் மந்தையில் எழுதி வைப்போம். மழைக்காலத்தில் ஒருநாள் நேரில் வாருங்கள், அதே வாளியில் தண்ணீர் மொண்டு காட்டுகிறோம்.

அன்புடன்,
ஓடைக் குழுவினர்