நலமாக விழுங்குவோரை அளக்க இடம் தாருங்கள்: டர்பன் வட்டாரக் கோயில் குழுக்களுக்கும் முதியோர் இல்ல நிர்வாகிகளுக்கும் ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய கோயில் நிர்வாகக் குழுவினருக்கும், தமிழ்ச் சங்கப் பொறுப்பாளர்களுக்கும், முதியோர் இல்லங்களை நடத்தும் பெரியோர்களுக்கும் வணக்கம்.

விழுங்குவதில் சிரமம் உள்ளவர்களுக்குச் சிகிச்சை அளிக்கும் பேச்சு-மொழி சிகிச்சையாளர் என்ற முறையில் இதை எழுதுகிறேன். ஆனால் இந்த மடல் நோயாளிகளைப் பற்றியதன்று. சாட்ஸ்வொர்த்திலும் ஃபீனிக்ஸிலும் ஞாயிற்றுக்கிழமை வழிபாடு முடிந்ததும் பந்தியில் அமர்ந்து, இரண்டாம் முறையும் பருப்பு கேட்டு வாங்கி உண்ணும் உங்கள் பெரியவர்களைப் பற்றியது. அவர்கள் ஒரு மிடறு தண்ணீரையும் ஒரு கவளம் சோற்றையும் விழுங்க எவ்வளவு நேரம் எடுத்துக்கொள்கிறார்கள் என்பதை அளக்க உங்கள் மண்டபத்தில் இடமும், உங்கள் உறுப்பினர்களின் இசைவும் வேண்டும் என்பதே என் கோரிக்கை.

நலமாக இருப்பவர்களை ஏன் அளக்க வேண்டும் என்ற கேள்வி நியாயமானது. அதற்கு விடை சொல்ல, விழுங்கும்போது என்ன நடக்கிறது என்பதைச் சற்று விரிவாகச் சொல்லியாக வேண்டும். நாம் ஒரு நாளில் ஏறத்தாழ 600 முறை விழுங்குகிறோம். அவற்றில் பெரும்பாலானவை நாம் அறியாமலே உமிழ்நீரை விழுங்குபவை. மென்று முடித்த கவளத்தை நாக்கு பின்னோக்கித் தள்ள ஏறத்தாழ ஒரு விநாடி ஆகிறது. அது தொண்டையைக் கடக்க ஒரு விநாடியோ அதற்கும் குறைவோதான் ஆகும். அதன்பின் உணவுக்குழலில் இறங்கி இரைப்பையை அடைய 8 முதல் 20 விநாடி வரை ஆகலாம். இவற்றில் நடுவிலுள்ள அந்த ஒரு விநாடிதான் எங்கள் தொழிலின் முழுக் கவலையும். மூச்சுக்கும் உணவுக்கும் தொண்டை பொதுவழியாக இருப்பதால், அந்த ஒரு விநாடிக்குள் மூச்சு நிற்க வேண்டும், நாவடி எலும்பும் குரல்வளையும் மேலும் முன்னும் நகர வேண்டும், குரல்நாண்கள் சேர வேண்டும், குரல்வளை மூடி மடிய வேண்டும், உணவுக்குழலின் மேல்வாய் ஏறத்தாழ அரை விநாடி திறந்து மூட வேண்டும். பிறகு பெரும்பாலும் மூச்சை வெளியே விட்டபடியே சுவாசம் மீண்டும் தொடங்குகிறது. இந்த வரிசையில் எங்கோ ஒரு கண நேரம் பிசகினால் புரையேறுகிறது. உச்சந்தலையில் தட்டி, யாரோ நினைக்கிறார்கள் என்று சொல்லி நாம் கடந்துவிடுகிறோம். பக்கவாதம் கண்டவருக்கு அதே பிசகு ஒவ்வொரு வேளையும் நேர்ந்து, இருமல்கூட வராமல் உணவு நுரையீரலுக்குள் சென்று நிமோனியாவாக முடியக்கூடும்.

ஆகவே நேரத்தை அளக்கிறோம். பேரியம் (எக்ஸ்ரேயில் தெளிவாகத் தெரியும் ஒரு பொருள்) கலந்த நீரையோ உணவையோ கொடுத்து, எக்ஸ்ரேயில் ஓடும் படமாகப் பதிவு செய்து, பிறகு படம் படமாக நகர்த்திப் பார்ப்பதே முதன்மையான முறை. விநாடிக்கு 30 படங்கள் பதிந்தால் ஒரு படத்துக்கும் அடுத்ததற்கும் இடையே 33 மில்லிவிநாடி. 25 படங்களானால் 40. கதிர்வீச்சைக் குறைக்க வேண்டி எக்ஸ்ரேயை விநாடிக்கு 15 துடிப்புகளாகக் குறைத்தால் இடைவெளி ஏறத்தாழ 67 மில்லிவிநாடியாகிறது. அப்போது, உணவுக்குழல் வாய் திறந்திருக்கும் அரை விநாடியைக் காட்ட ஏழெட்டுப் படங்களே கிடைக்கும். கருவியின் நிலை இது என்றால், அளப்பவரின் நிலை இன்னும் சிக்கலானது. தொண்டைக்கட்டம், அதாவது கவளம் தொண்டையைக் கடக்கும் அந்த ஒரு விநாடி, எப்போது தொடங்குகிறது? கவளத்தின் முன்முனை கீழ்த்தாடை எலும்பின் விளிம்பைத் தாண்டும் கணத்தில் என்று ஒருவர் கொள்வார். நாவடி எலும்பு விசையுடன் எழும் கணத்தில் என்று மற்றொருவர் கொள்வார். ஒரே மிடறுக்கு இரண்டு விடைகள் வரும், இரண்டும் சரியாகவே இருக்கும். நலமானவர்களிடம் செய்யப்பட்ட 46 ஆய்வுகளைத் தொகுத்து 2012இல் வெளியான ஒரு மதிப்பாய்வு, அவற்றுள் 119 வெவ்வேறு நேர அளவீடுகளைக் கண்டது; ஒரே பெயர் கொண்ட அளவுக்கும் ஆய்வுக்கு ஆய்வு வரையறை சற்றுச் சற்று மாறியிருந்தது. ஓரளவு நிலையாக நின்றவை உணவுக்குழல் வாய் திறந்திருக்கும் நேரமும், குரல்வளை மூடியதிலிருந்து அவ்வாய் திறக்கும் வரையுள்ள இடைவெளியும்தான். மற்றவற்றில் நலமானவர்களிடையிலேயே பெரிய வேறுபாடு இருந்தது. என்னைக் கேட்டால், எங்கள் துறையினர் ஒவ்வொருவரும் மேசைமேல் ஒட்டிவைத்துக்கொள்ள வேண்டிய செய்தி இது.

வேறுபாட்டின் காரணங்களில் சில நன்கு தெரிந்தவை. கவளம் பெரிதானால் உணவுக்குழல் வாய் கூடுதல் நேரம் திறந்திருக்கும். வயது ஏற ஏற விழுங்குதல் தொடங்கச் சற்றுத் தாமதமாகும். நலமான முதியவர்களிடம்கூட, தொண்டை எழும் முன்பே நீர் நாவடிப் பள்ளம் வரை இறங்கிவிடுவதை ஆய்வுகள் காட்டியுள்ளன. "இப்போது விழுங்குங்கள்" என்று சொல்லி விழுங்கவைத்தால் ஒரு நேரமும், தம் விருப்பப்படி விழுங்கும்போது வேறு நேரமும் வருகின்றன. ஆய்வகத்தில் பெரும்பாலும் முதல் வகையே பதிவாகிறது. பந்தியில் யாரும் நமக்குக் கட்டளையிடுவதில்லை.

இங்கே நம் வீட்டுப் பழக்கங்களுக்கு வருகிறேன். எக்ஸ்ரே இல்லாமல் படுக்கையருகே செய்யும் சோதனைகளுள் ஒன்று, 150 மில்லிலிட்டர் தண்ணீரை வசதிப்பட்ட மட்டில் வேகமாகக் குடிக்கச் சொல்லி ஸ்டாப்வாட்சில் அளப்பது. விநாடிக்கு 10 மில்லிலிட்டருக்குக் கீழே போனால் குறைபாடு இருக்கலாம் என்று 1992இல் வெளியான ஆய்வொன்று எல்லை வகுத்தது. அதாவது 15 விநாடிக்குள் குடித்து முடிக்க வேண்டும். வயது ஏறும்போது வேகம் குறையும் என்றும், பெண்களின் வேகம் ஆண்களுடையதைவிடக் குறைவு என்றும் சில ஆண்டுகளிலேயே தெரியவந்தது. ஆனால் தாளில் எழுதப்படும் எல்லை மட்டும் பெரும்பாலும் அந்த ஒரே எண்தான்.

நம் ஆயாமாரில் சிலர் இன்றும் உதடு படாமல் அண்ணாந்து குடிப்பவர்கள். செம்பைத் தூக்கிப் பிடித்து, தலையைப் பின்னால் சாய்த்து, வாயைத் திறந்தபடியே மூன்று நான்கு மிடறுகளை இடைவிடாமல் இறக்கிவிட்டு, பிறகுதான் ஒரு மூச்சு விடுவார்கள். அதே ஆயாவின் கையில் பிளாஸ்டிக் கோப்பையைக் கொடுத்து உதட்டில் வைத்துக் குடிக்கச் சொன்னால், ஒரு மிடறு, ஒரு நிறுத்தம், சேலை நுனியால் வாயைத் துடைப்பது, மறுபடி ஒரு மிடறு என்று போகும். கடிகாரம் 15 விநாடியை எளிதாகத் தாண்டிவிடும். அண்ணாந்தால் புவியீர்ப்பு நீரை விரைவாகப் பின்னே கொண்டுபோகிறது, ஆனால் மூச்சுவழியைக் காத்துக்கொள்வது கடினமாகிறது. பலவீனமானவர்களை நாங்கள் அப்படிக் குடிக்க விடமாட்டோம். எனினும் நலமான ஒருவர் வாழ்நாள் முழுவதும் பழகிய முறை அது. அவருடைய இயல்பான நேரம் என்ன என்பதைச் சொல்ல எங்களிடம் எந்த அட்டவணையும் இல்லை. கையால் உருட்டிய சோற்றுக் கவளத்துக்கும் இதே நிலைதான். அதன் அளவை உண்பவரே தீர்மானிக்கிறார், அளவைக்கரண்டி தீர்மானிப்பதில்லை.

இது வெறும் கல்விக்கவலை அன்று. ஓர் இல்லத்தில், பெயர் வேண்டாம், தண்ணீரை மெதுவாகக் குடிக்கிறார் என்ற ஒரே காரணத்தால் ஒரு மூதாட்டிக்கு, புரையேறாமல் மெல்ல இறங்குவதற்காகப் பொடி கலந்து கெட்டியாக்கிய நீர் மட்டுமே தரும்படி எழுதிவைத்திருந்தார்கள். இருமலோ, காய்ச்சலோ, எடைக்குறைவோ அவரிடம் இல்லை. கொழகொழவென்றிருந்த அந்த நீரை அவர் வேண்டாமென்று தள்ளினார். கெட்டியாக்கிய நீர் தரப்படுவோர் பலர் குறைவாகக் குடித்து, உடலில் நீர் வற்றி அவதிப்படுவது மருத்துவத்துறை அறிந்த செய்தி. தேவைப்படுவோருக்கு அது உயிர்காக்கும் என்பதில் எனக்கு ஐயமில்லை. தேவையற்றோருக்கு அது ஒரு தண்டனை. இருவரையும் பிரித்தறிய, அதே வயதில், அதே பழக்கத்தில் நலமாக விழுங்குவோரின் அளவு கையில் இருந்தாக வேண்டும்.

உங்கள் மண்டபத்தில் நாங்கள் செய்ய விரும்புவதில் எக்ஸ்ரேயும் பேரியமும் கிடையாது. நோயில்லாதவர் மேல் கதிர்வீச்சைச் செலுத்தும் எண்ணம் எங்களுக்கில்லை. தாடைக்கீழே ஒரு விரலும், நாவடி எலும்பின்மேல் ஒரு விரலும், குரல்வளையின் மேலும் கீழும் இரு விரல்களுமாக மெல்ல வைத்து, தொண்டை எழுந்து தாழ்வதை உணர்வோம். உமிழ்நீரை 30 விநாடியில் எத்தனை முறை விழுங்க முடிகிறது என்று எண்ணுவோம். ஜப்பானில் வகுத்த இச்சோதனையில் மூன்றுக்குக் குறைந்தால் கவனிக்க வேண்டும் என்பது வழக்கு. தண்ணீரைக் கோப்பையிலும், பழக்கமிருந்தால் செம்பிலும் குடிக்கச் செய்து நேரம் குறிப்போம். ஸ்டாப்வாட்சை அழுத்தும் விரலே ஏறத்தாழ ஐந்தில் ஒரு விநாடி பிந்தும் என்பதால், தொண்டைக்கட்டத்தின் ஒரு விநாடியை அதனால் அளக்க முடியாது; முழுக் கோப்பைக்கும் ஆகும் நேரத்தை அளக்க அது தாராளமாகப் போதும். இன்னதை எதனால் அளந்தோம், எந்தக் கணத்தில் தொடங்கினோம், எதில் முடித்தோம் என்பதை ஒவ்வொரு தாளிலும் எழுதுவோம்.

ஆடி மாதத்தில் மாரியம்மனுக்கு ஊற்றும் கூழையும் விடுவதாக இல்லை. மக்காச்சோள மாவும் புளித்த பாலும் சேர்ந்த அந்தக் கூழ் எவ்வளவு கெட்டி என்பதை, 10 மில்லிலிட்டர் சிரிஞ்சில் நிரப்பி 10 விநாடி ஒழுகவிட்டு எஞ்சியதைப் பார்த்துச் சொல்லலாம். நீர்மங்களின் கெட்டித்தன்மையைத் தரம் பிரிக்க உலகளவில் கையாளப்படும் முறை இது. 1 முதல் 4 வரை எஞ்சினால் ஒரு தரம், 4 முதல் 8 வரை எஞ்சினால் அடுத்தது, அதற்கு மேல் எஞ்சினால் அதற்கும் அடுத்தது. மாவுக்கட்டி இருந்தால் சிரிஞ்சின் வாய் அடைத்துக்கொள்ளும் என்பதால், அன்று கூழ் கிண்டும் அம்மாக்களின் தயவும் எங்களுக்குத் தேவை. கூழின் தரம் தெரிந்துவிட்டால், கெட்டியான நீர்மம் தேவைப்படும் முதியவருக்குக் கடைப்பொடிக்குப் பதிலாக அவர் விரும்பும் கூழையே தரலாமா என்று யோசிக்க வழி பிறக்கும்.

பக்கவாதம் வந்தவர்கள், பார்க்கின்சன் உள்ளவர்கள், உண்ணும்போது அடிக்கடி இருமுபவர்கள், அண்மையில் நிமோனியா கண்டவர்கள் இந்த அளவீட்டில் சேரக் கூடாது. அவர்களை மண்டபத்தில் சோதிக்காமல் மருத்துவமனைக்கு அனுப்ப வேண்டும். 2003ஆம் ஆண்டுத் தேசிய சுகாதாரச் சட்டத்தின்கீழ் பதிவுபெற்ற ஆராய்ச்சி நெறிமுறைக் குழு ஒன்றின் எழுத்து ஒப்புதல் கிடைக்கும் முன் ஒரு மிடறுகூட அளக்கப்படாது. பங்கேற்பவர் தாமே படித்து, அல்லது படிக்கக் கேட்டு, கையொப்பமிட வேண்டும். பிள்ளைகள் சம்மதித்தால் போதும் என்று நாங்கள் கொள்ள மாட்டோம். பெயரும் முகவரியும் அளவுத்தாளில் இராது. படம் எடுக்க மாட்டோம்.

உங்களிடம் வேண்டுவது மூன்றே. அடுத்த நிர்வாகக் கூட்டத்தின் பொருள்நிரலில் இதைச் சேருங்கள். ஆடி தொடங்குமுன் ஒரு ஞாயிறு, பந்திக்கு முந்திய இரண்டு மணி நேரம், மின்விசிறியும் நாற்காலிகளும் உள்ள ஓர் அறையை ஒதுக்குங்கள். எழுபதைக் கடந்தவர்கள் மட்டுமன்றி நாற்பதிலும் ஐம்பதிலும் இருப்பவர்களும் வரும்படி அறிவிப்புப் பலகையில் எழுதுங்கள். முதியவர் மட்டும் வந்தால், வயதால் வந்த மாற்றம் எது, பழக்கத்தால் வந்தது எது என்று பிரிக்க இயலாமல் போகும். குழுவினர் அழைத்தால் நேரில் வந்து விளக்கவும், கேள்விகளுக்கு விடையளிக்கவும் ஆயத்தமாக இருக்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
டர்பனில் பணிபுரியும் பேச்சு-மொழி சிகிச்சையாளர் ஒருவர்