சினிமாவுக்கு எழுதியதும் அவர்கள் இசைதான்

ஆசிரியருக்கு வணக்கம்.

ஞாயிறு இணைப்பில் வந்த மேற்கத்திய செவ்வியல் இசைக் கட்டுரையை இரண்டு தடவை படித்தேன். சோவியத் இசையமைப்பாளர்கள் புரோகோஃபியேவ், ஷோஸ்டகோவிச், ஆங்கிலேயரான வான் வில்லியம்ஸ் மூவரின் சிம்பொனிகளுக்கும் எந்த ஒலிப்பதிவு நல்லது என்று பொறுமையாகச் சொன்ன கட்டுரையாளர், அவர்கள் சினிமாவுக்கு எழுதியதை மட்டும் "பிழைப்புக்காகச் செய்தவை" என்று ஒரே வரியில் ஒதுக்கிவிட்டார். அது என்னை மிகவும் வருத்தியது.

பிழைப்புக்கும்தான் எழுதினார்கள், இல்லையென்று சொல்லவில்லை. 1948-இல் சோவியத் அரசின் கண்டனத்துக்கு ஆளான பிறகு ஷோஸ்டகோவிச்சுக்குச் சோறு போட்டதில் பெரும்பங்கு படங்களுக்குத்தான். ஆனால் கட்டுரையாளர் மனதாரப் பாராட்டியிருக்கும் வான் வில்லியம்ஸின் ஏழாவது சிம்பொனி எங்கிருந்து வந்தது? தென்துருவப் பயணத்தில் மாண்ட ஸ்காட் குழுவைப் பற்றிய 1948-ஆம் ஆண்டுப் படத்துக்கு அவர் எழுதிய இசைதான் 1953-இல் சிம்பொனியாக அரங்கேறியது. காற்று இயந்திரம், சொல்லே இல்லாமல் பாடும் பெண் குரல்கள் எல்லாம் படத்திலிருந்தே வந்தவை. இத்தனைக்கும் அவர் முதல்முதலாகப் படத்துக்கு இசையமைக்க உட்கார்ந்தபோது வயது 68. படத்துக்கென்று எழுதி அதில் இடம்பெறாமல் போன பகுதிகளையும் சேர்த்து இசை நடத்துநர் ரூமன் காம்பா, பிபிசி ஃபில்ஹார்மானிக் இசைக்குழுவை வைத்துப் பதிவு செய்திருக்கிறார். கேட்டுப் பாருங்கள், சிம்பொனியே வேறு மாதிரி புரியும்.

அப்புறம் புரோகோஃபியேவ். இயக்குநர் ஐசன்ஸ்டைனின் 'அலெக்சாண்டர் நெவ்ஸ்கி' (1938) படத்துக்கு அவர்தான் இசை. அதை நான் முதலில் பார்த்தபோது உறைந்த ஏரிமேல் நடக்கும் போர்க்காட்சியில் கோரஸும் பித்தளைக் கருவிகளும் சாத்திய கதவுக்குப் பின்னாலிருந்து வருவதுபோல நசுங்கிக் கேட்டன. பழைய ஒலித்தடம், அவ்வளவுதான் என்று விட்டுவிட்டேன். பல வருஷம் கழித்து, அதே இசையை அவரே 1939-இல் ஏழு பகுதிகளாக விரித்து எழுதிய கான்டாட்டாவை (குரல்களும் வாத்தியங்களும் சேர்ந்த கச்சேரிப் படைப்பு) நல்ல பதிவில் ஹெட்போன் போட்டுக் கேட்டேன். போர் தொடங்கும் முன், வயலின் மாதிரி வாத்தியங்களில் வில்லை, தந்திகளைத் தாங்கும் 'குதிரை'க்குப் பக்கத்தில் வைத்து மெல்ல நடுக்கி இழுக்கிறார்கள் பாருங்கள், பனிக்கட்டி கிறீச்சிடுவது மாதிரி ஒரு ஓசை, உடம்பு சில்லிட்டது. படத்தில் அது என் காதில் விழவே இல்லை.

இதனால்தான் எந்தப் பதிவு என்று சொல்வது சிம்பொனியைவிடச் சினிமா இசைக்கு இன்னும் அவசியம். படத்தின் அசல் ஒலித்தடமா, பின்னால் கச்சேரிக்காகப் பகுதிகளைத் தொகுத்த ஸூட்டா, கைப்பிரதியிலிருந்து மீட்டெடுத்த முழு இசையா என்பது உறையைப் பார்த்தால் சட்டென்று விளங்குவதில்லை. ஷோஸ்டகோவிச்சின் 'கேட்ஃபிளை' படத்து ரொமான்ஸ் மெட்டைத் தெரியாதவர் குறைவு, ஆனால் நாம் வழக்கமாகக் கேட்கும் ஸூட் அவர் கையால் ஆனது இல்லை, லெவோன் அதோவ்மியான் தொகுத்து வாத்தியங்களையும் மாற்றி அமைத்தது. படத்துக்கு எழுதிய வடிவத்தை இசை நடத்துநர் மார்க் ஃபிட்ஸ்-ஜெரால்ட் நாக்சோஸ் என்ற இசைத்தட்டு நிறுவனத்துக்காகப் பதிவு செய்திருக்கிறார், இரண்டையும் அடுத்தடுத்துக் கேட்டால் வித்தியாசம் தெரியும். ஆங்கில இசையமைப்பாளர் வில்லியம் வால்டனின் 'பேட்டில் ஆஃப் பிரிட்டன்' (1969) இசையில் வான்போர்ப் பகுதி தவிர மற்றதைத் தயாரிப்புத் தரப்பு தூக்கிவிட்டது. ஒலிநாடாக்கள் பிற்பாடு கிடைத்து வெளிவந்ததால்தான் மிச்சத்தை இன்று கேட்க முடிகிறது.

ஆகவே ஒரு கோரிக்கை. இந்தத் தொடரில் ஒரு வாரத்தைச் சினிமா இசைக்கு ஒதுக்குங்கள். கட்டுரையாளர் நெவ்ஸ்கியிலிருந்தே தொடங்கலாம். போர் முடிந்த களத்தில், விழுந்து கிடப்பவர்களுக்கு நடுவே ஒரு பெண் தனியாகப் பாடிக்கொண்டு வரும், கான்டாட்டாவின் ஆறாவது பகுதியை முதலில் கேட்டுவிட்டு எழுதட்டும்.

இப்படிக்கு,
உங்கள் நெடுநாள் வாசகர்