அம்மாவின் குரல் எந்தக் கேசட்டில் இருக்கும்?

ஐயா,

கைக்குழந்தையாக இருந்தபோதே அம்மாவைப் பறிகொடுத்து, இன்று முப்பதைத் தாண்டியவர்கள், பழைய கேசட்டுகளைக் கணினிக்கு மாற்றித் தரும் எங்களிடம் கொண்டுவருவது பெரும்பாலும் கல்யாண வீடியோ கேசட். அதில் அம்மாவின் முகம் இருக்கும். குரல் இருப்பது அபூர்வம். எடிட் செய்யும்போது மண்டபத்துச் சத்தத்தை எடுத்துவிட்டுச் சினிமாப் பாட்டைச் சேர்ப்பதுதான் அன்றைய வழக்கம். மூல டேப்பை அழித்து அடுத்த கல்யாணத்துக்கு ஓட்டியிருப்பார்கள்.

குரல் வேண்டுமானால் வளைகுடாவில் வேலை பார்த்த மாமா, சித்தப்பாவின் பெட்டியைக் குடையுங்கள். வீட்டுக்கு வீடு போன் வரும் முன், குமரி மாவட்டத்திலிருந்து கடிதத்துக்குப் பதிலாக ஆடியோ கேசட்டில் பேசி அனுப்பிய குடும்பங்கள் உண்டு. புதுக் கேசட் வாங்காமல் பாட்டுக் கேசட் மேலேயே பேசியிருப்பார்கள். அட்டையில் படத்தின் பெயரைப் பார்த்துத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். கேசட்டின் முதுகில், அதாவது டேப் தெரியும் ஓரத்துக்கு எதிர் ஓரத்தில் உள்ள இரண்டு சிறு துளைகளில் காகிதமோ செலோடேப்போ அடைத்திருந்தால், அதன்மேல் யாரோ பதிந்திருக்கக்கூடும்.

கிடைத்தவுடன் ஓட்டவும் கூடாது. இங்கே இரண்டு பருவமழை, கூடவே கடற்காற்றின் ஈரம். டேப்பின் ஓரத்தில் வெள்ளைப் பொடி தெரிந்தால் பூஞ்சணம். அப்படியே ஓட்டினால் பொடி, டேப்ரெக்கார்டரில் டேப்பைப் படிக்கும் ஹெட்டில் ஒட்டி டேப் சிக்கும், அறுந்தும் போகும். அடுத்துப் போடும் கேசட்டுக்கும் பரவும். சுத்தமாக இருந்தால், முதல் வேலையாகத் துளை அடைப்பை எடுத்துவிடுங்கள். ரெக்கார்டு பொத்தானில் கை தவறிப் பட்டால் இருப்பதும் போய்விடும். ஒருமுறை கடைசிவரை சுற்றித் திருப்பிச் சுற்றுங்கள். ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் நனைத்த பஞ்சால் ஹெட்டைத் துடைத்து, முதல் ஓட்டத்திலேயே கணினியில் பதியுங்கள். 60 நிமிடக் கேசட்டுக்கு ஒரு மணி நேரம் ஆகும், குறுக்குவழி கிடையாது.

சத்தம் அமுங்கிக் கேட்டால் குரல் அழிந்துவிட்டதென்று பயப்பட வேண்டாம். டேப்பை ஹெட்டோடு அழுத்தும் சிறு பஞ்சுப் பட்டை, பசை காய்ந்து விழுந்திருக்கும். திருகு போட்ட வேறொரு கேசட்டின் கூட்டுக்குள் இரண்டு சுருளையும் மாற்றினால் தெளிந்துவிடும்.

இதைவிடக் கெடுதலானது பெல்ட் தளர்ந்த டேப்ரெக்கார்டர். வேகம் குறைந்து குரல் தடித்துக் கேட்கும். பிள்ளை அதையே அம்மாவின் குரல் என்று மனதில் வாங்கிவிடும். அதே கேசட்டில் மிச்சமிருக்கும் பாட்டை ஓட்டி, போனில் அதே பாட்டோடு ஒப்பிட்டு வேகத்தைச் சரிசெய்துகொள்ளுங்கள். அழிக்காமல் விட்ட அந்த அரைப் பாட்டு இப்படியும் உதவும்!

கேட்கும்போது ஆச்சியையோ அத்தையையோ பக்கத்தில் இருத்துங்கள். "வடக்கு வீட்டு மைனிக்குச் சுகமில்லை" என்று கேசட்டில் வரும். எந்த மைனி (அண்ணி), என்ன சுகக்கேடு என்பது அவர்களுக்குத்தான் தெரியும். நிறுத்தி நிறுத்திக் கேட்டு, அவர்கள் சொல்வதையும் போனில் பதிந்துகொள்ளுங்கள்.

- பழைய கேசட்டுகளைக் கணினிக்கு மாற்றித் தருவோர், மார்த்தாண்டம்